ஆர்யூ ஒரு நிறுவனம், டியூ இன்னொரு நிறுவனம்: செல் எழாவிட்டால் எங்கே பார்ப்பது?

கேள்வி: எங்கள் லேபில் ஒரு நிறுவனத்தின் ரேடியோ யூனிட்டையும் (ஆர்யூ) வேறொரு நிறுவனத்தின் டியூ (ஆர்யூவுக்கான சிக்னலைக் கணக்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டட் யூனிட்) மென்பொருளையும் இணைத்திருக்கிறோம். 5ஜி, 100 மெகாஹெர்ட்ஸ் டிடிடி (அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறிமாறி), நான்கு ஆன்டெனா. இரண்டுமே ‘ஓ-ரான் இணக்கம், 7.2எக்ஸ்’ (ஆர்யூவுக்கும் டியூவுக்கும் வேலையைப் பிரிக்கும் ஓ-ரான் முறை) என்று சொல்லி வந்தவை. பிடிபி (நெட்வொர்க் வழியே கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறிமுறை) லாக் ஆகிறது, லிங்க்கும் இருக்கிறது. ஆனால் போன் செல்லோடு சேரவே இல்லை. இரு நிறுவனங்களும் மற்றவர் பக்கம்தான் கோளாறு என்கின்றன. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: ஆர்யூவுக்குள் இருக்கும் பேக்கெட் கவுண்டர்களிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன், இரு நிறுவனங்களும் உண்மையே பேசிக்கொண்டிருக்கலாம் என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் இந்த வாதம் முடியவே முடியாது.

ஓ-ரான் அலையன்ஸை 2018இல் தொடங்கியவை ஏடி அண்ட் டி, சைனா மொபைல், டாய்ச்ச டெலிகாம், என்டிடி டோகோமோ, ஆரஞ்சு ஆகிய ஐந்து சேவை நிறுவனங்கள். அதுவரை தனித்தனியே நடந்துவந்த எக்ஸ்ரான் ஃபோரம், சி-ரான் அலையன்ஸ் இரண்டின் வேலையும் இதில் சேர்ந்தது. ஆர்யூவுக்கும் டியூவுக்கும் நடுவிலுள்ள ஃப்ரண்ட்ஹாலை அதன் நான்காம் பணிக்குழு கவனிக்கிறது. அந்தக் குழுவின் இரண்டு ஆவணங்கள் உங்களுக்கு முக்கியம். கட்டுப்பாடு, தரவு, நேர ஒத்திசைவு மூன்றுக்கும் ஒன்று. ஆர்யூவை நிர்வகிக்கும் எம்-ப்ளேனுக்கு இன்னொன்று.

பல நிறுவனங்கள் கூடி எழுதும் எந்த விதிமுறையிலும் விருப்பத் தெரிவுகள் நிறைய இருக்கும். சுருக்கும் முறை, அடையாள எண்ணின் பிட் பங்கீடு, ஒத்திசைவு அமைப்பு, ப்ரீகோடிங் (சிக்னலை ஆன்டெனாக்களுக்குப் பங்கிடும் கணக்கு) எந்தப் பெட்டியில் நடக்கிறது என எல்லாவற்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு. ஒருவர் ஒரு வழியையும் மற்றவர் வேறு வழியையும் எடுத்திருந்தால் இருவரும் இணக்கமானவர்கள்தான். ஆனாலும் இணைப்பு வேலை செய்யாது. அதனால்தான் அலையன்ஸ் இன்னின்ன தெரிவுகள் சேர்ந்து வரவேண்டும் என்று ஐஓடி (சேர்ந்து இயங்குகின்றனவா என்ற சோதனை) ப்ரொஃபைல்களைத் தனியாக வகுத்திருக்கிறது. சோதனை மையங்கள் தரும் ஆவணங்களையும் பிரித்துப் பாருங்கள். சான்றிதழ் என்பது ஒரு கருவி விதிமுறைப்படி நடக்கிறது என்பதற்கு. ஐஓடி பேட்ஜ் என்பது இன்ன ஆர்யூவும் இன்ன டியூவும் சேர்ந்து இயங்கின என்பதற்கு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அதுவும் நீங்கள் நிறுவியிருக்கும் அதே மென்பொருள் பதிப்புக்கு.

பேட்ஜ் இல்லையென்றால் இரு தரப்பிடமும் ப்ரொஃபைல் பெயரையும் எல்லா அளவுருக்களையும் எழுத்தில் வாங்கி, ஒரே தாளில் அக்கம்பக்கமாக எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு கவுண்டர்களுக்கு வருவோம்.

எம்-ப்ளேன் வழியே நெட்கான்ஃப் (கருவிகளைக் கட்டமைக்கும் நெறிமுறை) மூலம் ஆர்யூவிடம் ஆர்எக்ஸ் டோட்டல், ஆன் டைம், எர்லி, லேட், கரப்ட் என்ற ஐந்தையும் கேளுங்கள். சி-ப்ளேனுக்கு, அதாவது கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு, தனிக் கவுண்டர்கள் உண்டு, அவற்றையும் எடுங்கள். பத்து விநாடி இடைவெளியில் இரண்டு முறை எடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் அந்த வித்தியாசமே சொல்லிவிடும்.

டோட்டல் ஏறவே இல்லையென்றால் பேக்கெட் ஆர்யூவுக்குப் போய்ச் சேரவில்லை. விலான் எண், மேக் முகவரி, எம்டியு (அனுமதிக்கும் அதிகபட்ச பேக்கெட் அளவு) மூன்றையும் பாருங்கள். பலர் தவறவிடுவது எம்டியு. 100 மெகாஹெர்ட்ஸில், 30 கிலோஹெர்ட்ஸ் சப்கேரியருக்கு 273 பிஆர்பி (12 சப்கேரியர் கொண்ட தொகுதி). 9 பிட் பிஎஃப்பி (ஒரு தொகுதிக்கு ஒரே அடுக்குக்குறி வைக்கும் முறை) சுருக்கத்தில் ஒரு பிஆர்பிக்கு 28 பைட். அதில் 27 தரவு, 1 அடுக்குக்குறி. ஆக ஒரு சிம்பலுக்கு (அலைபரப்பின் ஒரு சிறு நேரத் துண்டு) 7,644 பைட். டியூ அதை ஒரே பேக்கெட்டாக அனுப்பினால், 1,500 பைட்டோடு நிற்கும் ஸ்விட்ச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். பிடிபி பேக்கெட் சிறியது என்பதால் அது மட்டும் தாராளமாகப் போய்வரும். லாக் ஆகிறது, செல் வரவில்லை என்ற உங்கள் நிலைக்கு இதுவே காரணமாக இருக்கலாம். வழியில் உள்ள ஒவ்வொரு போர்ட்டிலும் ஜம்போ ஃப்ரேமை (1,500 பைட்டைவிடப் பெரிய பேக்கெட்டை) அனுமதியுங்கள்.

அதே கணக்கில் லிங்க் வேகத்தையும் சரிபாருங்கள். ஒரு விநாடிக்கு 28,000 சிம்பல், ஆகவே ஒரு லேயருக்கு (ஒரே நேரத்தில் செல்லும் தரவோட்டங்களில் ஒன்று) ஏறத்தாழ 1.7 ஜிபிபிஎஸ், நான்கு லேயருக்கு 6.9. இது 10 ஜிகாபிட் லிங்க்கில் அடங்கும். சுருக்காமல் 16 பிட்டில் அனுப்பினால் பிஆர்பிக்கு 48 பைட் ஆகி, நான்கு லேயரும் சேர்ந்து 11.7 ஜிபிபிஎஸைத் தொடும். அதற்கு 25 ஜிகாபிட் லிங்க் வேண்டும்.

டோட்டல் ஏறுகிறது, ஆனால் எல்லாமே லேட் அல்லது எர்லியில் விழுகிறது என்றால் சிக்கல் நேரத்தில். இங்கே இரண்டு வேறு நோய்கள் ஒரே அறிகுறியைக் காட்டும்.

முதலாவது, ஃப்ரேம் எண்ணே, அதாவது ரேடியோ நேரத் துண்டின் வரிசை எண்ணே, தவறாக இருப்பது. பிடிபி தருவது டாய் என்ற அணுக் கடிகார நேரம். 2017 முதல் அது யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட 37 விநாடி முன்னே ஓடுகிறது. ஃப்ரேம் எண்ணோ ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அது டாயைவிட 19 விநாடி பின்னே. டியூ மென்பொருள் கணினிக் கடிகாரத்தை யூடிசி என்று நம்புகிறதா, டாய் என்று நம்புகிறதா என்பதைப் பொறுத்தே எண் சரியாகவோ தவறாகவோ வரும். நெட்வொர்க் கார்டின் கடிகாரத்தையும் கணினிக் கடிகாரத்தையும் ஒத்திசைக்கும் பிஎச்சி2சிஸ் கருவியில் ஆஃப்செட்டைத் தவறாகக் கொடுத்தால் 37 விநாடி பிசகும். ஒரு ஃப்ரேம் 10 மில்லிவிநாடி என்பதால் அது 3,700 ஃப்ரேம். பேக்கெட் தலைப்பில் ஃப்ரேம் எண்ணுக்கு 8 பிட்தான் இடம். 256க்கு ஒருமுறை சுற்றிவிடும். ஆகவே ஆர்யூவின் கண்ணில் 116 ஃப்ரேம் வித்தியாசம். பிடிபி லாக் என்பது கடிகாரங்கள் ஒரே வேகத்தில், ஒரே கட்டத்தில் ஓடுகின்றன என்றுதான் சொல்லும். டியூ அந்த நேரத்தை எப்படிப் படிக்கிறது என்பதைப் பற்றி எதுவும் சொல்லாது.

இதைக் கையால் சரிபார்க்கலாம். ஹார்டுவேர் நேரமுத்திரையோடு டியூ பக்கம் ஒரு கேப்சர் எடுங்கள். ஈதர்டைப் ஏஇஎஃப்இ என்று இருப்பவை ஃப்ரண்ட்ஹால் தரவைச் சுமக்கும் இசிப்ரி பேக்கெட்டுகள். ஒன்றை எடுத்து, அதன் டாய் நேரமுத்திரையின் விநாடியிலிருந்து 315964819ஐக் கழியுங்கள்; கிடைப்பது ஜிபிஎஸ் விநாடி. பின்ன விநாடியையும் சேர்த்து நூறால் பெருக்கி, முழு எண்ணை மட்டும் எடுத்து, 256ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். பேக்கெட்டில் உள்ள ஃப்ரேம் எண் அதே எண்ணாகவோ, ஃப்ரேம் எல்லையில் முன்கூட்டி அனுப்பியதால் ஒன்று கூடுதலாகவோ இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் தள்ளியிருந்தால் தாமத அளவுருக்களைத் தொடவே வேண்டாம். அவற்றை எவ்வளவு அகலமாக்கினாலும் பயன் இருக்காது. இதில்தான் பல நாட்கள் வீணாகின்றன. எண் சரியாக இருந்தும் கவுண்டர் மாறவில்லையென்றால், ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு ஜிபிஎஸ் ஆஃப்செட்டுகள் இரு பக்கமும் ஒரே மதிப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐயமிருந்தால் இரண்டையும் பூஜ்யமாக்குங்கள்.

இரண்டாவது, தாமதச் சாளரம். ஒவ்வொரு ஆர்யூவும் ஆன்டெனாவில் சிம்பல் கிளம்பும் நேரத்துக்கு எவ்வளவு முன்னால் பேக்கெட் வரவேண்டும் என்று ஒரு குறைந்தபட்சமும் அதிகபட்சமும் அறிவிக்கும். டி2ஏ என்று தொடங்குபவை அவை. எடுத்துக்காட்டாக, குறைந்தது 130, அதிகம் 350 மைக்ரோவிநாடி என்று வைத்துக்கொள்வோம். ஃபைபரில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 மைக்ரோவிநாடி. 10 கிலோமீட்டருக்கு 50; ஸ்விட்சின் ஏற்ற இறக்கத்துக்கு இன்னும் 10 வரை போகலாம். அப்படியானால் டியூ 130உடன் அதிகபட்சப் பயண நேரமான 60ஐக் கூட்டி, 190க்கு முன்பே அனுப்பியாக வேண்டும். 350உடன் குறைந்தபட்சமான 50ஐக் கூட்டி, 400க்கு மேல் முந்தவும் கூடாது. குறைந்தபட்சத்தோடு அதிகபட்சப் பயணம், அதிகபட்சத்தோடு குறைந்தபட்சப் பயணம் என்ற இந்தக் குறுக்குக் கூட்டலை மாற்றிப் போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. லேபில் 5 மீட்டர் வடத்தில் நன்றாக ஓடிய அமைப்பை அப்படியே சைட்டுக்குக் கொண்டுபோனால் பேக்கெட்டுகள் லேட் ஆவதும் இதனால்தான். சி-ப்ளேனுக்கு வேறு சாளரம் உண்டு. அதற்கும் இதே கணக்கைத் தனியாகப் போடுங்கள்.

ஆன் டைம் ஏறுகிறது, ஆனாலும் செல் தெரியவில்லை என்றால் பேக்கெட்டின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். முதலில் இஏஎக்ஸ்சி எண், அதாவது தரவு எந்தக் கேரியருக்கு, எந்தப் போர்ட்டுக்கு என்று சொல்லும் அடையாள எண். இது 16 பிட். டியூ போர்ட், பேண்ட்-செக்டர், கேரியர், ஆர்யூ போர்ட் என நான்காகப் பிரியும், பங்கீடு எவ்வளவு என்பது கட்டமைப்பைப் பொறுத்தது. 18 என்ற எண் 4-4-4-4 பங்கீட்டில் கேரியர் 1, போர்ட் 2. அதே எண் 4-2-2-8 பங்கீட்டில் கேரியர் 0, போர்ட் 18. இல்லாத போர்ட்டுக்கு வந்த தரவை ஆர்யூ கைவிடும்.

அடுத்தது சுருக்கத் தலைப்பு. சுருக்கும் முறையை எம்-ப்ளேனிலேயே நிலையாகச் சொல்லிவிட்டால் பேக்கெட்டில் அந்தத் தலைப்பு வராது. மாறும் முறை என்றால் தலைப்பும் ஒதுக்கிய பைட்டுமாக இரண்டு பைட் கூடுதலாக வரும். ஒரு பக்கம் நிலை, மறுபக்கம் மாறும் முறை என்றிருந்தால் தரவு முழுதும் இரண்டு பைட் நகர்ந்துவிடும். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் ஆற்றல் தெரியும், ஆனால் போனுக்கு அது வெறும் இரைச்சல்.

இன்னொன்று, புதிதாக எழுதப்பட்ட டியூ மென்பொருளில் வரக்கூடியது. பிஆர்பி எண்ணிக்கைக்கான புலம் 8 பிட். அதில் 273 அடங்காது. எல்லா பிஆர்பியும் என்பதற்கு 0 என்று எழுத வேண்டும். 273ஐ அப்படியே திணித்தால் 17 என்றாகி, 100 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் ஏறத்தாழ 6 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் மட்டும் அலை தெரியும்.

செல் எழுந்து, ஒரு நிமிடம் சொச்சத்தில் தானாக அணைந்தால் ரேடியோவைச் சந்தேகிக்காதீர்கள். எம்-ப்ளேனில் ஒரு காவல் டைமர் இருக்கிறது. இயல்பு நிலையில் 60 விநாடிக்கு ஒருமுறை ஆர்யூ அறிவிப்பு அனுப்பும். அதன் மேல் 10 விநாடிக்குள் டியூ டைமரைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் ஆர்யூ அலைபரப்பை நிறுத்திவிடும். டியூ அந்த அறிவிப்புக்குப் பதிவு செய்திருக்கிறதா என்று பாருங்கள்.

செல்லின் அடிப்படை விவர அறிவிப்பான எஸ்ஐபி1ஐப் போன் படிக்கிறது, ஆனால் இணையவில்லை என்றால் ப்ராக் (போன் செல்லை முதலில் அழைக்கும் சேனல்) பக்கம் திரும்புங்கள். ப்ராக்குக்கு சி-ப்ளேனில் செக்‌ஷன் டைப் 3 வேண்டும், பெரும்பாலும் தனி இஏஎக்ஸ்சி எண்ணும் வேண்டும். 0 முதல் 3 வரை பயனர் தரவுக்கும் 4 முதல் 7 வரை ப்ராக்குக்கும் என்று வைப்பது பரவலான வழக்கம். ஆர்யூவில் அந்த நான்கு எண்டுபாயின்டுகளையும் உருவாக்கியிருக்க வேண்டும். அதிர்வெண் ஆஃப்செட்டின் அலகு பாதி சப்கேரியர். முழு சப்கேரியர் என்று எடுத்துக்கொண்டால் ஆர்யூ வேறு இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். ஆர்யூவிலிருந்து வரும் பேக்கெட்டுகளில் ஃபில்டர் இண்டெக்ஸ் 0 அல்லாதவை (ப்ராக் தரவு) ஒன்றுகூட இல்லையென்றால், சி-ப்ளேன் கோரிக்கை தவறா, ஆர்யூ கட்டமைப்பு தவறா என்பதை அந்த செக்‌ஷன் டைப் 3 பேக்கெட்டையே திறந்து பார்த்து முடிவு செய்யலாம். வந்துகொண்டிருந்தும் டியூ கண்டுகொள்ளவில்லையென்றால், டியூவின் ஏற்புச் சாளரத்தையும் ப்ராக்குக்கான சுருக்க அமைப்பையும் பாருங்கள். அந்த கேப்சரையும் கவுண்டர் வித்தியாசத்தையும் ஒரே அஞ்சலில் இரு நிறுவனங்களுக்கும் அனுப்புங்கள்; எந்தப் புலம் யார் எழுதியது என்பது அதில் தெளிவாகத் தெரியும்.