பழைய ஹைப்ரிட் கார்: மலையில் வசிப்பவர் பேட்டரி மாற்றலாமா, விற்றுவிடலாமா?

உங்கள் வண்டி 2014-ஆம் ஆண்டின் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட்; குன்னூரில் இருக்கிறது; ஹைப்ரிட் எச்சரிக்கை விளக்கு எரிகிறது; ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியை முழுதாக மாற்றச் சொல்கிறார்கள்; அவர்கள் கேட்கும் தொகை வண்டியின் இன்றைய விலையில் பெரும்பங்கு என்கிறீர்கள். கோத்தகிரியில் இதே வகை வண்டியை வைத்துக்கொண்டு இதே முடிவை எடுக்க வேண்டியிருந்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். பேட்டரியின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிரேக், இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் பாகம்), அடிப்பாகம் ஆகிய மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். அவை நன்றாக இருந்தால் மட்டும் பேட்டரிக்குப் பணம் போடுங்கள்.

பேட்டரி உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்பதை உறுதி செய்துகொள்வது முதல் வேலை. டிக்கியில் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி தளர்ந்தாலே, குறிப்பாக வாரக்கணக்கில் எடுக்காமல் நிறுத்தி வைத்த வண்டிகளில், வெவ்வேறு எச்சரிக்கை விளக்குகள் எரியக்கூடும். பின் இருக்கைப் பக்கம் உள்ள காற்று வழியும் ஃபேனும் தூசி அடைத்துக்கொண்டாலும் பேட்டரி சூடேறி விளக்கு எரியும். நம் ஊர் ஈரத்தில், பேட்டரிக்குள் வரிசையாக இருக்கும் மாட்யூல்கள் என்ற சிறு பேட்டரிகளை இணைக்கும் செப்புப் பட்டைகளில் பச்சை பூத்திருப்பதும் உண்டு. இவையெல்லாம் குறைந்த செலவில் தீர்பவை. ஸ்கேனரில் P0A80 என்ற குறியீடு வந்திருந்தால் பேட்டரி மேல் சந்தேகம் கொள்வது நியாயம். அப்போதும் 17 பிளாக்குகளின் (இரண்டிரண்டு மாட்யூல்கள் சேர்ந்தது ஒரு பிளாக்) வோல்டேஜையும் வண்டி பாரம் இழுத்துக்கொண்டிருக்கும்போது தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு பிளாக்குகள் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் சரிந்தால், பேட்டரி கெட்டுவிட்டது என்பதில் சந்தேகமில்லை.

மலைப்பாதையில் பேட்டரியின் சார்ஜைக் காட்டும் கேஜைப் பார்த்து முடிவுக்கு வருவதுதான் இங்கே பலரையும் ஏமாற்றுகிறது. இந்தப் பேட்டரி 244.8 வோல்ட், 6.5 ஆம்பியர் மணி. அதாவது மொத்தமே சுமார் 1.6 யூனிட் மின்சாரம், அதிலும் கார் பயன்படுத்துவது ஒரு பகுதியைத்தான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் இறங்குகிறோம். ஆட்களோடு 1,700 கிலோ என்று கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 7 யூனிட். எனவே புத்தம் புதிய பேட்டரியும் பர்லியாறு வருவதற்கு முன்பே நிரம்பிவிடும். அது நோயின் அறிகுறி ஆகாது. நிரம்பிய பேட்டரி அடுத்த சிறு ஏற்றத்திலேயே வற்றிப்போவதும், ஊட்டி நகருக்குள் மெதுவாக ஓட்டும்போதுகூடக் கேஜ் ஏறி இறங்கித் தத்தளிப்பதும்தான் நோயின் அறிகுறிகள்.

பேட்டரி நிரம்பிய பிறகு மிச்ச ஆற்றலை எஞ்சினின் இழுவையும் சாதாரண பிரேக்கும்தான் தாங்க வேண்டும் (இறக்கத்தில் கியரை 'B' நிலையில் போடுவது அந்த இழுவைக்காகத்தான்; இது நிறுத்துவதற்கான 'P' அல்ல). இந்த வண்டியில் பிரேக் அழுத்தத்தை உருவாக்கிச் சேமித்து வைப்பது ஒரு மின்பம்பு. கதவைத் திறக்கும்போது அது சற்று நேரம் ஓடுவது இயல்பு. பெடலைத் தொடாமல் நிறுத்தியிருக்கும்போதும் அது அடிக்கடி ஓடினால் உள்ளே அழுத்தம் கசிகிறது என்று பொருள். அந்தப் பாகத்தை மாற்றுவது பேட்டரிக்கு அடுத்தபடியான பெரிய செலவு. இரண்டும் ஒரே நேரத்தில் வந்திருந்தால் நான் வண்டியைக் கொடுத்துவிடச் சொல்வேன். சமவெளியில் இருப்பவர் யோசித்துப் பார்க்கலாம். கல்லட்டியிலும் குன்னூர் மலைப்பாதையிலும் ஓட்டுகிற நமக்கு அந்த வசதி இல்லை.

பேட்டரி இல்லாமலேயே பெட்ரோலில் ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய ஹோண்டா சிவிக் ஹைப்ரிடில் 12 வோல்ட்டில் இயங்கும் ஸ்டார்ட்டரும் உண்டு. கேம்ரியிலும் பிரியஸிலும் தனி ஸ்டார்ட்டர் கிடையாது. எஞ்சினை உயிர்ப்பிப்பதே ஹைப்ரிட் பேட்டரிதான். அது படுத்துவிட்டால் வண்டி நின்ற கொண்டை ஊசி வளைவிலேயே நிற்கும்.

கெட்ட மாட்யூலை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்பவர்கள் கோவையில் கிடைக்கலாம். 34 மாட்யூல்களும் ஒரே வயதுடையவை என்பதால், அது பழைய ஓட்டுக் கூரையில் ஒரே ஒரு ஓடு மட்டும் மாற்றுவதைப் போன்றது. அடுத்த மழைக்கு வேறோர் இடம் ஒழுகும். விற்பதற்கு முன் ஓட வைக்க வேண்டும் என்றால் அது போதும், வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். வைத்துக்கொள்வதாக இருந்தால் முழுப் புதிய பேட்டரிதான் சரி. நான் அதைத்தான் செய்தேன்.

எரிபொருள் மிச்சத்தால் செலவு திரும்பிவிடும் என்று கணக்குப் போட வேண்டாம். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், மலையில் இந்த வண்டி லிட்டருக்கு 15, வேறொரு பெட்ரோல் வண்டி 10 தருகிறது என்று வைத்துக்கொண்டாலும், மிச்சம் சுமார் 270 லிட்டர், அதாவது 27,000 ரூபாய் அளவுக்குத்தான் வரும். ஒப்பிட வேண்டியது வேறு: பேட்டரி போட்ட இந்த வண்டியை இன்னும் ஐந்தாண்டு ஓட்டுவதற்கான மொத்தச் செலவு ஒரு பக்கம், அதே தரத்தில் வேறு வண்டி வாங்கும் செலவு மறுபக்கம். 2029-இல் பதினைந்தாண்டு முடிந்ததும் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். வயதை மட்டும் காரணம் காட்டி வண்டியை ஓட்டவே கூடாது என்ற தடை இங்கே இல்லை.

முடிவு எதுவானாலும், வண்டியைக் கீழே அனுப்பும்போது முழு வண்டியையும் மேலே ஏற்றிச் செல்லும் ரெக்கவரி லாரியையே கூப்பிடுங்கள். முன்சக்கரங்கள் தரையில் உருளும்படி கட்டி இழுத்தால் உள்ளிருக்கும் மோட்டார் சுழன்று மின்சாரத்தை உற்பத்தி செய்யும். இப்போது நன்றாக இருக்கும் பாகங்களும் அதில் கெடலாம். எலி கடித்திருக்கிறதா என்று பார்க்க நீங்களாகவே ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த வயர்களைத் தொட வேண்டாம். அதைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.