ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் டாக் பலகை (டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கான அனலாக் ஒலியாக மாற்றும் பலகை) பொருத்தியிருக்கிறேன். சில நேரம் ஒலியே வருவதில்லை. வந்தாலும் நடுநடுவே டிக் டிக் என்று வெட்டுகிறது. எங்கிருந்து சரிபார்க்கத் தொடங்குவது?

உங்களிடம் இருப்பது ராஸ்பெரி பை 3, சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஊதா நிறப் பிசிஎம்5102ஏ பலகை, மெமரி கார்டில் பாட்டு இசைக்கும் மூட் ஆடியோ மென்பொருள், வைஃபை வழியாக வரும் பாட்டுகள். என்னிடமும் இதேதான் இருந்தது. மூன்று இரவுகள் அமைப்புக் கோப்பைத் திறந்து வரிகளை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கோளாறு பலகையின் முதுகில் இருந்தது. ஆகவே முதலில் கோப்பைத் தொடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, பலகையைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள்.

பின்பக்கம் நான்கு வரிசைகளில் மிகச் சிறிய செப்புத் திட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் 1 முதல் 4 வரை எண்ணும், எச் அல்லது எல் என்ற எழுத்தும் அச்சிட்டிருக்கும். 1, 2, 4 ஆகிய மூன்றும் எல் பக்கமும், 3 மட்டும் எச் பக்கமும் சாலிடரால் இணைந்திருக்க வேண்டும். அந்த மூன்றாவதுதான் ஒலியை அடைக்கும் முனை. அது எச் பக்கம் சேராமல் அந்தரத்தில் தொங்கினால், சிப் தன் மனம்போல் ஊமையாகும், பேசும். என் பலகையில் விரல் நுனியை வைத்தால் பாட்டு வந்தது, எடுத்தால் நின்றது. லென்ஸை வைத்துப் பார்த்தபோது மற்ற மூன்றிலும் கடுகளவு சாலிடர் பளபளத்தது. மூன்றாவதில் வெறும் செம்பு. சில பலகைகள் இவற்றை இணைத்தே வருகின்றன, சில அப்படி வருவதில்லை.

முன்பக்கத்தில் எஸ்சிகே என்று எழுதிய முனையையும் பாருங்கள். பை அந்தக் கடிகாரக் குறிப்பை அனுப்பாது. அந்த முனை தரையோடு (கிரவுண்ட்) இணைந்திருந்தால் சிப், பை அனுப்பும் பிட் கடிகாரத்திலிருந்து தனக்கு வேண்டியதைத் தானே உருவாக்கிக்கொள்ளும். தொங்கவிட்டால் இரைச்சல் வரும், அல்லது மௌனம்.

வயர்களைப் பொருத்தவரை பையின் 40 பின் வரிசையில் பலகையின் பிசிகே (பிட் கடிகாரம்) 12ஆம் பின்னுக்கும், எல்சிகே (இடது வலது தடங்களைப் பிரிக்கும் கடிகாரம்) 35ஆம் பின்னுக்கும், டிஐஎன் (ஒலித் தரவு) 40ஆம் பின்னுக்கும் போக வேண்டும். 5 வோல்ட்டை 2 அல்லது 4இலிருந்து எடுங்கள், தரைக்கு 6. டிஐஎன் வயரை 38இல் செருகுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. 38 பைக்குள் ஒலி நுழையும் வாசல், 40 வெளியேறும் வாசல். நமக்கு வேண்டியது 40.

இவை சரியான பிறகு கோப்புக்கு வாருங்கள். மூட் ஆடியோவின் ஆடியோ பக்கத்தில் ஹைஃபைபெர்ரி டாக் என்ற சாதனத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். உங்கள் பலகை அந்த நிறுவனத்துடையதாக இல்லாவிட்டாலும் அந்த டிரைவர் இந்தச் சிப்புக்குப் பொருந்தும். கையால் எழுதுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பையின் இயங்குதளத்தில் 2023இல் வந்த புக்வோர்ம் பதிப்பிலிருந்து கான்ஃபிக் கோப்பு பூட் அடைவுக்குள் ஃபர்ம்வேர் என்ற அடைவில் இருக்கிறது. பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றிப் பழைய இடத்தில் எழுதி ஏமாறுபவர்கள் நிறைய. ஒலி அட்டையை எண்ணால் குறிப்பிடாமல் பெயரால் குறிப்பிடுங்கள். எச்டிஎம்ஐயும் ஓர் ஒலி அட்டைதான். மறுதொடக்கத்தில் அது முந்திக்கொண்டால் எண்கள் இடம் மாறிவிடும். உங்களுடைய ‘சில நேரம் ஒலியே வருவதில்லை’ என்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

முதல் முறை இயக்குவதற்கு முன் ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவைக் குறைத்துவையுங்கள். இந்தச் சிப்பில் ஒலியளவுக் கட்டுப்பாடு கிடையாது. முழு அளவில் 2.1 வோல்ட் வெளியே தள்ளும். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நல்லதல்ல.

இனி வெட்டு விஷயம். இதைக் கண்டுபிடிக்க எதைப் போட்டுக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். தாளவாத்தியங்கள் நிறைந்த பாட்டில் சிறு வெட்டுகள் ஒளிந்துகொள்ளும். வெறும் தம்பூரா ஒலிப்பதிவு ஒன்றைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கேளுங்கள். இடைவெளியே இல்லாத அந்த ஒலியில் நூறில் ஒரு நொடி விடுபட்டாலும் காதில் குத்தும். எந்த அளவுகருவியும் எனக்கு இந்த அளவுக்கு உதவியதில்லை.

அடுத்து மின்சாரம். பை 3க்குச் சொல்லப்பட்டிருப்பது 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர். பழைய கைபேசி சார்ஜரும் மெல்லிய கேபிளும் அதைத் தாங்காது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஒலியும் தடுமாறும். விசிஜென்கமாண்ட் என்ற கட்டளையில் கெட் திராட்டில்ட் கேட்டுப் பாருங்கள். பூஜ்யம் வந்தால் கவலையில்லை. 50000 என்றால் முன்பு எப்போதோ மின்னழுத்தம் குறைந்திருக்கிறது. 50005 என்றால் இந்த நொடியும் குறைவாக இருக்கிறது. நான் சார்ஜரை மாற்றாமல் கேபிளை மட்டும் மாற்றினேன், 50005 போய் பூஜ்யம் வந்தது. முதலில் கேபிளை மாற்றுங்கள் என்பதற்கு அதுதான் காரணம்.

மின்சாரம் சரியாக இருந்தும் வெட்டு நிற்கவில்லையென்றால், ரௌட்டரிலிருந்து ஈதர்நெட் கேபிளை நேராகப் பைக்குக் கொடுத்து அதே தம்பூராவைக் கேளுங்கள். வெட்டு நின்றால் குற்றவாளி வைஃபை. சிடி தரத்தில் ஒலிக்குத் தேவைப்படுவது நொடிக்கு 14 லட்சம் பிட்தான் (நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள், 16 பிட், இரண்டு தடங்கள்). எந்த வைஃபையும் இதைச் சுமக்கும். சிக்கல் வேகத்தில் இல்லை, விட்டுவிட்டு வருவதில் இருக்கிறது. பையின் வைஃபை, வேலை இல்லாதபோது கண்ணயரும். மின்சேமிப்பு முறை என்று அதற்குப் பெயர். அதை அணைத்துவிடுங்கள். புளூடூத் தேவையில்லையென்றால் அதையும் அணையுங்கள், இரண்டும் ஒரே சிப்பில் இருக்கின்றன. பிறகு எம்பிடியின் (மூட் ஆடியோவுக்குள் பாட்டை இசைக்கும் நிரல்) ஒலித் தேக்கத்தை, அதாவது பஃபரை, சற்றுக் கூட்டுங்கள். தேக்கத்தை மட்டும் கூட்டி மற்றவற்றை விட்டுவிட்டால் வெட்டு அரிதாகுமே தவிர மறையாது. அரிதாக வரும் கோளாறைப் பிடிப்பதுதான் மிகக் கடினம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், பிறகு உதவும். இரண்டாவது அறைக்கும் பாட்டு போக வேண்டும் என்று எம்பிடியோடு, பல அறைகளில் ஒரே நேரத்தில் பாட்டை ஒலிக்கவைக்கும் ஸ்னாப்காஸ்ட் மென்பொருளை இணைத்தேன். அன்று மாலை கச்சேரி ஓடிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். “இந்த அம்மாள் ஐந்து கட்டையில்தானே பாடுவார்? சுருதி ஏறியிருக்கிறதே, உனக்குக் கேட்கவில்லையா?” என்றார்கள். எனக்கு நடுநடுவே திக்குவது மட்டும்தான் கேட்டது. அம்மா சுருதிப்பெட்டியை எடுத்து வந்து வைத்துக் காட்டிய பிறகுதான் புரிந்தது. எம்பிடி 44,100 மாதிரிகள் அனுப்ப, ஸ்னாப்காஸ்ட் தன் இயல்பான 48,000 என்று எண்ணி வாசித்துக்கொண்டிருந்தது. அந்த விகிதத்தில் சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறும். மாதிரிகள் போதாமல் இடையிடையே திக்கவும் செய்யும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கொடுத்ததும் இரண்டு கோளாறுகளும் ஒன்றாகப் போயின. வெட்டும் சுருதி மாற்றமும் சேர்ந்து வந்தால் வைஃபையைத் தேடாதீர்கள், மாதிரி எண்ணைப் பாருங்கள். பாட்டு ஓடும்போது ப்ராக் அடைவின் ஏசவுண்டுக்குள் எச்டபிள்யூ பாரம்ஸ் என்ற கோப்பைத் திறந்தால், அட்டை அந்த நொடியில் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று எழுதியிருக்கும்.

கச்சேரி கேட்பவராக இருந்தால் இன்னும் ஒன்று. ராகம், தானம், பல்லவியைத் தனித்தனித் தடங்களாகப் பிரித்த ஒலிப்பதிவுகளில், ஒரு தடம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தம்பூரா அறுந்தால் அதைக் கோளாறு என்று நினைத்து மேலே சொன்னதையெல்லாம் மறுபடி செய்யாதீர்கள். ஒரு தடத்தின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வையுங்கள். கோப்புகள் எம்பி3 என்றால், அந்த முறையிலேயே முன்னும் பின்னும் சிறு மௌனம் சேர்ந்துவிடும். சிடி கையில் இருந்தால் ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகளாக மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள், தடங்கள் ஒட்டிக்கொண்டு ஓடும்.

முதலில் பலகையின் பின்பக்கத்தைப் பாருங்கள். மூன்றாவது திட்டு எச் பக்கம் சேர்ந்திருக்கிறதா, திராட்டில்ட் எண் என்ன, ஈதர்நெட்டில் தம்பூரா அறுகிறதா, இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். இன்று இரவு பார்த்துப் பதில் சொல்கிறேன்.