11 மணி கீரை

கேள்வி: அம்மா, எனக்கு 62 வயசு. 36 வருஷம் பேங்க்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். திருச்சியில சொந்த வீடு, மொட்டை மாடியில 60 பை வச்சு தோட்டம் போட்டிருக்கேன். வெண்டை, கத்திரி, தக்காளி, அவரை, நாலஞ்சு வகை கீரை, எதுக்கும் மருந்தே அடிக்கிறதில்ல. வீட்ல நாங்க ரெண்டு பேர், பையன், மருமகள், பேத்தி. பிரச்சனை என் மனைவிதான். காலைல பேப்பர், வாக்கிங் எல்லாம் முடிச்சுட்டு மாடிக்குப் போய் 11 மணி வாக்குல பறிச்சுக் கொண்டு வந்து கிச்சன் மேடையில வைப்பேன், திரும்பிக்கூட பார்க்க மாட்டா. போன வாரம் ஒரு கட்டு முளைக்கீரை மறுநாள் குப்பைக் கூடையில கிடந்தது. மனசே விட்டுப்போச்சு. கேட்டா "எல்லாப் பையையும் தூக்கிப் போடுங்க, நான் உழவர் சந்தையிலயே வாங்கிக்கறேன்"னு கத்தறா. மருமகள் வேலைக்குப் போறா, அவளுக்கும் இதுல ஒண்ணும் தெரியாது. அருமை தெரியாதவங்களுக்காக எதுக்கு வெயில்ல காயணும், தோட்டத்தையே கலைச்சிடலாமா? இன்னொண்ணு, கத்திரியில மாவுப்பூச்சி வந்திருக்கு, என்ன அடிக்கலாம்?
பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்:

மாவுப்பூச்சிக்கு கடைசியில வரேன் சார், அது பெரிய விஷயமில்ல.

இந்த மாதிரி லெட்டர் எனக்கு மாசம் தவறாம வருது. எழுதறவங்க எல்லாரும் ரிட்டையர் ஆன ஆம்பளைங்க, எல்லாருக்கும் அருமை தெரியாத பொண்டாட்டி. உங்க உழைப்பு வீண் போகாது சார்னு நாலு வரி எழுதுவேன்னு எதிர்பார்த்திருப்பீங்க, எழுத மாட்டேன். உங்க 60 பையையும் தாண்டி, குப்பைக் கூடையையும் தாண்டி, போற போக்குல நீங்க எழுதிட்டுப் போன ஒரு விஷயத்துல நான் நின்னுட்டேன். 11 மணி.

11 மணிக்கு உங்க வீட்டு அடுப்படி எப்படி இருக்கும்னு என்னிக்காவது நின்னு பார்த்திருக்கீங்களா? சாதம் வடிச்சாச்சு, குழம்பு இறக்கியாச்சு, பொரியலை மூடி வச்சாச்சு, பாத்திரம் கழுவி கவுத்தாச்சு, மேடையைத் துடைச்சு அந்தத் துணியையும் அலசி காயப்போட்டாச்சு, அந்தம்மா அப்பதான் ஃபேனுக்கு கீழ உட்கார்ந்து காலை நீட்டியிருப்பாங்க. அந்தத் துடைச்ச மேடையில நீங்க மண்ணும் வேருமா ஒரு கட்டு கீரையை வைக்கிறீங்க. வச்சுட்டு திரும்பிப் பார்க்கலையேன்னு வேற வருத்தப்படறீங்க. நானா இருந்தா திரும்பிப் பார்த்திருப்பேன், நல்லா பார்த்திருப்பேன், அதுக்கப்புறம் நீங்க எனக்கு லெட்டர் எழுதற நிலைமையில இருந்திருக்க மாட்டீங்க.

அவங்க ஏன் 9 மணிக்குள்ள அடுப்பை அணைக்கறாங்க சொல்லுங்க. 36 வருஷம் நீங்க எட்டரை மணிக்கு டிபன் பாக்ஸோட வாசப்படி இறங்கணுமே, அதுக்காக பழகின நேரம் அது. பேங்க் உங்களுக்கு மாலை போட்டு, கிஃப்ட் கொடுத்து, பென்ஷனும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிடுச்சு. அந்த எட்டரை மணி மட்டும் அவங்க கிட்டயே தங்கிடுச்சு, இப்ப அதுல பையன் பாக்ஸ், மருமகள் பாக்ஸ், பேத்தி ஸ்கூல் பாக்ஸ்னு மூணு இருக்கு. நீங்க பேப்பர் படிச்சு, வாக்கிங் போய், வழியில நாலு பேர் கிட்ட அரசியல் பேசி, பொறுமையா மாடி ஏறி பறிச்சுட்டு வர்ற நேரத்துக்கு அவங்க மூணு டிபன் பாக்ஸ் கட்டி அனுப்பிட்டாங்க சார்.

சரி, வீட்டை விடுங்க, கீரை பக்கம் நின்னு பார்த்தாலும் 11 மணி தப்புதான். இவ்வளவு ஆசையா வளர்க்கற உங்களுக்கு இது தெரியாதாங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். ராத்திரி பூரா தண்ணி குடிச்சு விடியக்காலைல விறைப்பா நிக்கற கீரை, வெயில் ஏற ஏற சொங்கிப் போகும். திருச்சி வெயில்ல, அதுவும் மொட்டை மாடி தளத்துல, பத்து மணிக்கு மேல பறிச்சா கூடைக்கு வர்றதுக்குள்ளயே பாதி வதங்கிடும். கீரைக்காரங்க எந்த நேரத்துக்கு அறுக்கறாங்கன்னு போய்ப் பாருங்க, ஒருத்தராவது வெயில் ஏறின பிறகு அறுக்கறாங்களா. சரி, 11 மணிக்கு வந்த கீரையை அவங்க என்ன பண்ணணும்? மத்தியானச் சாப்பாடு தயாரா இருக்கு. ராத்திரி கீரை சாப்பிடக் கூடாதுன்னு நம்ம வீடுகள்ல பழக்கம், உங்க வீட்டுலயும் அப்படித்தான் இருக்கும். மறுநாள் காலைலதான் வழி, அதுக்குள்ள அது மஞ்சளாகி கொழகொழன்னு ஆகியிருக்கும். அப்ப அது குப்பைக் கூடைக்குப் போனதுல பாதிப் பங்கு உங்களோடது.

மீதிப் பாதி அவங்க பங்குதான், அதையும் சொல்லிடறேன். திங்கற பொருளை குப்பையில போடறது எனக்கு ஆகவே ஆகாது, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருக்கலாம், தெருவுல போற மாட்டுக்காவது வச்சிருக்கலாம். ஆனா கோவத்துல செஞ்சது. எத்தனை நாள் கோவம்னு நீங்கதான் கேட்கணும், நான் எப்படி கேட்கறது.

எங்கப்பாவுக்கு குளித்தலை பக்கம் கொல்லையில கொஞ்சம் காய்கறி உண்டு. ஒண்ணும் பெரிய புண்ணியவான் இல்ல, கோவக்காரர், அம்மாவை உட்கார வச்சு சோறு போட்டவரும் இல்ல. ஆனா அவரைக்காயை நார் எடுக்காம உள்ள கொடுக்க மாட்டார். விடியறதுக்கு முன்னாடி பறிச்சுட்டு வந்து திண்ணையில உட்கார்ந்து நார் உரிச்சு, பூச்சி இருக்கறதை பொறுக்கிப் போட்டுட்டு, முத்தலை தனியா எடுத்து வச்சுட்டு, "இன்னிக்கு இவ்வளவுதான் இருக்கு, என்ன பண்றே?"ன்னு கேட்டுட்டுதான் கொடுப்பார். அந்த "என்ன பண்றே?"தான் சார் உங்க வீட்டுல இல்ல. வீட்டுக்கு கொண்டு வந்து போடறதோட ஆம்பளை கடன் முடிஞ்சதுன்னு நினைக்கற தலைமுறைதான் நம்ம ரெண்டு பேரும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், அதுக்காக அது சரின்னு இந்த வயசுலயும் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது. சம்பாதிச்சுக் கொண்டு வந்த வரைக்கும் ஒரு சாக்கு இருந்தது. இப்ப ரெண்டு பேரும் வீட்லதானே இருக்கீங்க?

மருமகளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. பையனுக்கு என்ன தெரியும்? அவனைப் பத்தி மொத்த லெட்டர்ல ஒரு வார்த்தை இல்லையே, அவனும் அதே சோத்தைத்தானே திங்கறான்? ரெண்டு பேரும்தான் ஆபீஸ் போறாங்க, கீரை தெரியாதது மட்டும் அந்தப் பொண்ணு குத்தமா? இதை இத்தோட விடறேன், கேட்காத விஷயத்துக்கு ரொம்ப பேசக்கூடாது.

இப்ப தோட்டத்துக்கு வாங்க. 60 பைன்னு பெருமையா சொல்றீங்க, ஆனா ஒரு நாளைக்கு என்ன வருதுன்னு சொல்லல. நான் சொல்லட்டுமா? 5 வெண்டைக்காய், 2 கத்திரி, ஒரு கை அவரை. அஞ்சு பேர் வீட்டுக்கு வெண்டைக்காய் பொரியல்னா அரை கிலோ வேணும், அரை கிலோன்னா 30 காய்க்கு மேல. வெண்டைச் செடி ஒண்ணு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒண்ணோ ரெண்டோதான் கொடுக்கும், அப்ப 18 செடியாவது வேணும், நீங்க ஆறு பையில வச்சிருப்பீங்க, மீதியில என்னென்னவோ ஒண்ணொண்ணு. பார்க்க அழகா இருக்கும், வீடியோ போடலாம், அடுப்புக்கு ஆகாது. சமைக்கறவங்களுக்கு 5 வெண்டைக்காய்ங்கறது காய் இல்ல சார், தொந்தரவு. அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, தூக்கிப் போட்டா நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்க. அதான் அவங்க உழவர் சந்தைக்கே போறேங்கறாங்க, அங்க கேட்ட காய் கேட்ட அளவுல கிடைக்குது.

ஆடிப்பட்டத்துக்கு விதை போடறதுக்கு முன்னாடி அவங்க பக்கத்துல உட்கார்ந்து என்ன வேணும்னு கேளுங்க. அவங்க சொல்ற மூணு நாலு காயை மட்டும் நிறைய போடுங்க. கத்திரி ரெண்டு மூணு நாள் செடியிலயே காத்திருக்கும், வெண்டை காத்திருக்காது, முத்திடும், நுனி ஒடியற பதத்துல பறிச்சு ஈரமில்லாம துணியில சுத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சா அடுத்த பறிப்போட சேர்த்துக்கலாம். கீரை விதையை ஒரே நாள்ல எல்லாப் பையிலயும் தூவாதீங்க, வாரம் ரெண்டு பை, அப்பதான் 25 நாள் கழிச்சு எல்லாம் சேர்ந்து வந்து நிக்காது. துண்டு துக்காணியா வர்ற காய்க்கும் வழி இருக்கு, திருவாதிரைக்கு களியோட ஏழுகறிக் குழம்பு வைக்கறதில்லையா, அந்த மாதிரி எல்லாத்தையும் ஒண்ணா போட்டு வாரத்துல ஒரு நாள் குழம்பு. ரெண்டே ரெண்டு கத்திரி இருந்தா எண்ணெய் தடவி தணல்ல சுட்டு, தோலை உரிச்சு பிசைஞ்சு, புளி கரைச்சு ஊத்தி கொத்சு. ராத்திரி இட்லிக்கு அதைத் தொட்டுக்கிட்டா அன்னிக்கு சட்னி அரைக்கற வேலை மிச்சம்.

அந்தக் கொத்சை நீங்க வைக்கணும். ஆமா, நீங்கதான். 36 வருஷம் கணக்கு தப்பாம பார்த்தவருக்கு ஒரு கத்திரிக்காயைக் கருகாம சுடத் தெரியாதுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்.

தோட்டத்தைக் கலைக்கலாமான்னு கேட்டீங்க, கலைக்க வேண்டாம். நாளைக்கு காலைல அஞ்சரைக்கு எழுந்திருங்க, முதல்ல மாடி, அப்புறம்தான் பேப்பர். பறிச்ச கீரையை மாடியிலயே வேரை வெட்டி, பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டு, மூணு தண்ணி அலசி, வடிய வச்சு, ஆறேகாலுக்குள்ள கீழ கொண்டு வாங்க. அவங்க குக்கர் வைக்கறதுக்கு முன்னாடி. ஒண்ணும் பேச வேண்டாம், விஷமில்லாத கீரைன்னு லெக்சர் வேண்டவே வேண்டாம், "என்ன பண்றே?"ன்னு மட்டும் கேளுங்க. முதல் நாலு நாள் பதில் வராது, வரலைன்னு எனக்கு லெட்டர் போடாதீங்க.

மாவுப்பூச்சிக்கு: பூச்சி அடையா அப்பியிருக்கற கொழுந்தைக் கிள்ளி தூரப் போடுங்க, மீதியை தண்ணியைப் பீச்சி கழுவி விடுங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு, இலைக்கு அடியிலயும் படற மாதிரி வாரம் ஒரு தடவை அடிங்க. எறும்பு ஏறுதான்னு பாருங்க, பூச்சியை செடிக்குச் செடி பரப்பறதே அதுதான். வெயில் தாழ்ந்து சாயங்காலமா அடிங்க, காலைல உங்களுக்கு வேற வேலை இருக்கு.