எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

இறந்தவரைக் ‘காலமானார்’, ‘இயற்கை எய்தினார்’ என்றெல்லாம் எழுதுவது உண்மைக்கு அஞ்சும் பழக்கமாகவே எனக்குப் படுகிறது. மலக்குழிக்குள் இறங்கி மூச்சுமுட்டி மாண்டவரைப் பற்றியும் ‘விஷவாயு தாக்கி உயிரிழந்தார்’ என்றே செய்தி வருகிறது. செத்தார் என்று நேராகச் சொன்னால் என்ன?

க., மேலூர்

அன்புள்ள க.,

நீங்கள் சேர்த்துக் கேட்ட இரண்டையும் நான் பிரித்தே பார்க்கிறேன்.

மதுரைப் பக்கம் கேத வீட்டுக்குப் போகிறவர், வாசலில் நிற்கும் பங்காளியிடம் குரலைத் தணித்து முதலில் கேட்பது, ‘எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?’ என்பதுதான். எதை எடுக்கிறார்கள் என்பது அந்தக் கேள்வியில் இல்லை. ‘நாலு மணிக்கு, தத்தனேரிக்கு’ என்று மயானம் இருக்கும் ஊர்ப்பகுதியைச் சொல்லும் பதிலிலும் பிணம், சுடுகாடு என்ற சொற்கள் வருவதில்லை. ஆயினும் அங்கே யாருக்கும் எதுவும் மறைவதில்லை; உள்ளே அழுதுகொண்டிருப்பவரின் காதில் அந்தச் சொற்கள் விழாமல் போகின்றன, அவ்வளவே. அம்மை கண்ட வீட்டில் ‘முத்துப் போட்டிருக்கிறது’ என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகுவதும் இவ்வகையே. அதைப் பார்த்த எவரும் நோய் இன்னதென்று அறியாமல் உள்ளே போவதில்லை. சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல், அமங்கலத்தை நல்ல சொல்லால் சொல்லும் மங்கலம், ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் குழூஉக்குறி ஆகிய மூன்றையும் தகுதி வழக்கு என்ற ஒரே தலைப்பில் இலக்கண நூலான நன்னூல் வைத்திருக்கிறது. பொருள் கேட்பவருக்குத் தவறாமல் விளங்கும் இடத்தில்தான் அந்தத் தகுதி நிற்கும் என்பது என் எண்ணம்.

மலக்குழிச் செய்திக்கு வருகிறேன். அந்த வாக்கியத்தில் ‘உயிரிழந்தார்’ என்பதை நீக்கிச் ‘செத்தார்’ என்று எழுதிப் பாருங்கள். தாக்கியது அப்போதும் வாயுதான். குழிக்குள் இறங்கச் சொன்னவர் யார், கூலி பேசியவர் யார், முகக்கவசமும் இடுப்புக் கயிறும் கொடுத்தார்களா என்பவை எல்லாம் வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. பாதுகாப்புக் கருவியின்றி ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். 1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் குற்றம் என்று கொள்வதைச் செய்தி வாயுவின் தலையில் போட்டு விபத்தாக்கிவிடுகிறது. என் கோபம் எல்லாம் இங்கேதான். ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயர் ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாறியதை நான் மனமார வரவேற்கிறேன். பெயரில் வந்த மரியாதை கையுறையாகவும் இயந்திரமாகவும் அவரிடம் போய்ச் சேர வேண்டும்.

அந்தத் தொழிலாளியின் வீட்டார் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று இருந்தால், அதைத் திருத்த நமக்கு உரிமை இல்லை. செய்தி எழுதுகிறவர் ‘காலமானார்’ என்றே எழுதட்டும். யார் சொல்லி அவர் அந்தக் குழிக்குள் இறங்கினார் என்பதை முதல் வரியிலேயே எழுதட்டும்.