அக்டோபரிலேயே தொடங்க வேண்டிய வேலை
நகராட்சி பட்ஜெட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் நகராட்சியில் பட்ஜெட் புத்தகம் மன்றக் கூட்டத்தன்று காலையில்தான் கைக்கு வருகிறது. புரட்டிப் பார்ப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிடுகிறது. இதை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?
- ஒரு நகராட்சி கவுன்சிலர், திருவாரூர் மாவட்டம்

புத்தகம் தாமதமாவது அச்சகத்தில் அல்ல. பெரும்பாலான ஊர்களில் கணக்குப் பிரிவு பிப்ரவரியில்தான் மற்ற பிரிவுகளிடம் விவரம் கேட்கிறது. அப்போது பில் கலெக்டர்கள் வரிவசூலுக்காகத் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருப்பார்கள். பொறியியல் பிரிவு, ஆண்டு முடிவதற்குள் பில் போட்டுவிட முடிந்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். உட்கார்ந்து கணக்குப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அதனால் போன வருடத் தொகையோடு பத்து சதவீதத்தைக் கூட்டி எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

முதல் அரையாண்டு செப்டம்பர் 30-ல் முடிகிறது. ஆறு மாத உண்மையான வரவு செலவு அக்டோபர் முதல் வாரத்தில் கையில் இருக்கும். பிரிவுகளிடம் விவரம் கேட்கும் சுற்றறிக்கை அப்போதே போக வேண்டும். பிரிவுக்கு ஒரே ஒரு பக்கப் படிவம் போதும்: சென்ற ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டு ஒதுக்கீடு, ஆறு மாதச் செலவு, அடுத்த ஆண்டுத் தேவை. அதே சுற்றறிக்கையில் ஒவ்வொரு பிரிவுக்கும் உச்சவரம்புத் தொகையைக் குறிப்பிட்டுவிடுங்கள். வரம்பு சொல்லாமல் கேட்டால், எப்படியும் பாதியை வெட்டுவார்கள் என்று இரண்டு மடங்கு எழுதுவார்கள். பிறகு யாருடைய எண்ணையும் நம்ப முடியாது. வரம்புக்கு மேல் கேட்பவர் காரணத்தைத் தனித்தாளில் எழுதட்டும்.

நவம்பரில் படிவங்கள் திரும்பி வந்துவிட வேண்டும். வார்டு மக்களின் கோரிக்கைகளை டிசம்பருக்கு முந்தைய பகுதி சபைக் கூட்டத்திலேயே (வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் சபை) எழுதி வாங்கிவிடுங்கள். வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022-லேயே வந்துவிட்டன. பட்ஜெட் முடிந்த பிறகு சபையைக் கூட்டிக் குறை கேட்பதால் பயன் இல்லை. டிசம்பர் 31 வரையிலான ஒன்பது மாதக் கணக்கை வைத்து ஜனவரியில் நடப்பு ஆண்டு பட்ஜெட்டின் திருத்திய மதிப்பீட்டை முடிக்கலாம். பிப்ரவரி தொடக்கத்தில் மன்றத்தில் நிதி விவகாரங்களைக் கவனிக்கும் குழு பார்க்கட்டும். மன்றக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பாவது புத்தகம் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதை மன்றத் தீர்மானமாகவே போட்டுவிடுங்கள்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்று அதிகாரிகள் கேட்டால் மழையைக் காட்டுங்கள். பட்ஜெட் நிறைவேறிய பிறகுதான் ஒவ்வொரு பணிக்குமான செலவு மதிப்பீடு தயாரிக்கத் தொடங்கினால் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி எல்லாம் முடிய ஜூன் ஆகிவிடும். ஒப்பந்தப்புள்ளி விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். விலைப்புள்ளியைப் பரிசீலித்து, மன்ற ஒப்புதல் வாங்கி, பணி ஆணை கொடுப்பதற்குள் ஆகஸ்ட், செப்டம்பர் வந்துவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. ஈரத் தரையில் தார் பிடிக்காது. ஆக, சாலைப் பணி ஜனவரிக்குத் தள்ளிப்போய், மார்ச் கடைசியில் அவசர அவசரமாகப் பில் போடப்படுகிறது. மதிப்பீடுகளை ஜனவரி, பிப்ரவரியிலேயே தயாராக வைத்திருக்கும் ஊரில் ஏப்ரலில் ஒப்பந்தப்புள்ளி கோரி, கோடையிலேயே சாலையை முடித்துவிடலாம்.

வரவைச் சரியாகத்தான் மதிப்பிடுகிறோம். ஆனாலும் ஆண்டுக் கடைசியில் ஒப்பந்ததாரர்களுக்குப் பணம் கொடுக்க முடிவதில்லை. தவறு எங்கே?
- நகராட்சிக் கணக்காளர், நாமக்கல் மாவட்டம்

கேட்புத் தொகையை, அதாவது மக்கள் கட்ட வேண்டும் என்று நகராட்சி கேட்கும் வரித்தொகையை, வரவாக எழுதியிருப்பீர்கள். நம் நகராட்சிகளில் கணக்கு சேர்வு முறையில் எழுதப்படுகிறது. சொத்துவரிக்குக் கேட்பு எழுப்பியதுமே அது வருமானமாகப் பதிவாகிவிடும், பணம் வந்தாலும் வராவிட்டாலும். வருமானச் செலவினக் கணக்கில் இது சரி. அந்த எண்ணையே பட்ஜெட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் வில்லங்கம். செலவுப் பக்கத்திலும் இதே கவனம் வேண்டும். சொத்துகள் பழசாகி மதிப்புக் குறையும் தேய்மானம் கணக்கில் செலவுதான், ஆனால் அதற்காகக் காசு வெளியே போவதில்லை.

உதாரணத்துக்கு, நடப்புக் கேட்பு 10 கோடி, பழைய நிலுவை 6 கோடி என்று வைத்துக்கொள்வோம். பட்ஜெட்டில் 16 கோடி என்று எழுதிவிடுகிறீர்கள். உங்கள் கேட்பு-வசூல்-நிலுவைப் பட்டியலில் மூன்றாண்டு சராசரியைப் பார்த்தால் நடப்பில் 80 சதவீதமும் நிலுவையில் 30 சதவீதமும்தான் வசூலாகியிருக்கும். அதாவது 8 கோடியும் 1.8 கோடியும், மொத்தம் 9.8 கோடி. மீதி 6.2 கோடிக்குப் பணி ஆணை மட்டும் போயிருக்கும், பணம் இருக்காது. நிலுவையையும் ஒரே குவியலாகப் பார்க்காதீர்கள். நீதிமன்ற வழக்கில் இருப்பது, அரசுக் கட்டடங்களின் பாக்கி, இடிந்துபோன வீட்டின் மேல் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் வரி என்று பிரித்தால், உண்மையில் வசூலிக்கக்கூடியது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இன்னும் மூன்று இடங்களில் வரவு தவறாகக் காட்டப்படுகிறது. சொத்துவரியோடு வசூலிக்கும் நூலக வரி உங்கள் பணமல்ல. நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டியது. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டுவோருக்குத் தரும் 5 சதவீத ஊக்கத்தொகையை வரவிலிருந்து கழிக்க வேண்டும். மாநில நிதிக்குழு மானியத்தில் பிடித்தம் போக வந்த தொகையை மட்டும் எழுதாமல், முழுத்தொகையை வரவிலும் பிடித்தத்தைச் செலவிலும் காட்டுங்கள். இல்லையென்றால் குடிநீர்க் கட்டணத்துக்கும் கடன் தவணைக்கும் எவ்வளவு போகிறது என்று மன்றத்துக்குத் தெரியாமலே போய்விடும்.

பட்ஜெட்டில் உபரி என்று வாசித்தார்கள். ஆனால் தூய்மைப் பணியாளர்களுக்குச் சம்பளம் தாமதமாகிறது. இது எப்படி?
- வாசகி, திண்டுக்கல்

மொத்த எண்ணை விட்டுவிட்டு நிதிவாரியாகப் பாருங்கள். வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று மூன்று உண்டு. கல்வி நிதியில் பணம் தேங்கியிருக்கலாம். அதைப் பள்ளிக் கட்டடத்துக்குச் செலவிடலாமே தவிர, சம்பளத்துக்குத் தொட முடியாது. திட்ட மானியமும் அப்படித்தான். மத்திய அரசின் 15-வது நிதிக்குழு நகரங்களுக்குத் தந்த மானியத்தில் பெரும் பகுதி குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. இவற்றையெல்லாம் கூட்டினால் உபரி. சம்பளம் போடும் வருவாய் நிதியை மட்டும் பிரித்தால் பற்றாக்குறை. ஒரு நிதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய தொகை இரண்டு பக்கமும் ஏறி, பட்ஜெட்டின் அளவையே பெரிதாகக் காட்டுவதும் உண்டு.

மாதவாரிப் பணவரவு அட்டவணை ஒன்றைப் பட்ஜெட்டோடு கேளுங்கள். வரி ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிறகு மார்ச்சிலும் குவியும். ஜூலை, ஆகஸ்டில் வறண்டுவிடும். சம்பளமும் மின்கட்டணமும் மாதம் தவறாமல் வரும். வரவு குவியும் மாதங்களில் எடுத்துவைக்காவிட்டால் நடுவில் பாதிக்கப்படுவது கடைநிலைப் பணியாளர்தான். அவர்கள் சம்பளத்தை எந்தப் பணிக்கும் முன்னால் ஒதுக்கிவைப்பது நிர்வாகத்தின் கடமை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் தெருச் சாலை சென்ற ஆண்டு பட்ஜெட்டில் இருந்தது. போடவில்லை. இந்த ஆண்டுப் பட்டியலில் பெயரே இல்லை.
- வாசகர், கடலூர்

பட்ஜெட்டில் பெயர் வருவது பணம் ஒதுக்கியதற்கு அடையாளமே ஒழிய, வேலைக்கு உத்தரவு ஆகாது. உங்கள் மாநகராட்சிக்கு எழுதும்போது மூன்று விவரங்களைக் கேளுங்கள்: நிர்வாக அனுமதி எண்ணும் நாளும், ஒப்பந்தப்புள்ளி கோரிய நாள், பணி ஆணை நாள். எதில் பதில் இல்லையோ அங்கேதான் கோப்பு நிற்கிறது. விலைப்புள்ளியே வரவில்லை என்றால், பழைய பில் பாக்கியால் ஒப்பந்ததாரர்கள் ஒதுங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் சாலை காணாமல் போனதற்கு நிர்வாகம் செய்ய வேண்டிய மாற்று எளிது. புதுப் பணிகளுக்கு முன்பாகத் தொடர் பணிகளின் பட்டியலை எழுத வேண்டும். 80 லட்சத்துக்குப் பணி ஆணை கொடுத்து, 30 லட்சத்துக்குப் பில் ஆகியிருந்தால் மீதி 50 லட்சம் அடுத்த ஆண்டின் முதல் செலவு. தொடங்காமல் விட்ட பணியானால் தொடர்வதா, கைவிடுவதா என்று காரணத்தோடு ஒரு வரி எழுத வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் புதுப் பணிக்கு. பல ஊர்களில் அது ஏறக்குறைய பூஜ்யம் என்று தெரியவரும். அதை மன்றத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பற்றாக்குறை வந்தால் எல்லாப் பிரிவுக்கும் ஒரே மாதிரி 20 சதவீதம் வெட்டுவது நியாயம்தானே?
- நகராட்சி ஊழியர், தேனி

இல்லை. சம்பளம், மின்கட்டணம், கடன் தவணை ஆகியவற்றை வெட்ட முடியாது. அதனால் வெட்டு முழுவதும் பராமரிப்பின் மேல் விழும். குடிநீர் மோட்டார் பழுதுக்கான தொகையைக் குறைத்தால், கோடையில் மோட்டார் எரிந்து அவசரக் கொள்முதல் செய்ய நேரும், செலவு கூடும். வெட்டுவதானால் புதுப் பணிகளில் இன்னும் ஒப்பந்தப்புள்ளி கோராதவற்றை முன்னுரிமை வரிசையில் கடைசியிலிருந்து நிறுத்துங்கள்.

பட்ஜெட்டுக்கென்று தனி மென்பொருள் வாங்கினால் வேலை சுலபமாகுமா?
- வாசகர், ஓசூர்

முதலில் கணக்குத் தலைப்புக் குறியீடுகளைச் சரிசெய்யுங்கள். ஒரே தெருவிளக்குச் செலவை ஒரு பிரிவு பராமரிப்பிலும் இன்னொரு பிரிவு மின்பொருள் கொள்முதலிலும் எழுதினால் எந்த மென்பொருளாலும் ஒப்பிட முடியாது. பயன்படாத தலைப்புகளை நீக்கி, மாதந்தோறும் வங்கிக் கணக்கோடு ஒத்திசைவு முடித்த பிறகு, ஒரு சாதாரண எக்செல் தாளே முதல் இரண்டு ஆண்டுக்குப் போதும். பூட்டிய படிவமாக ஒன்றை மட்டும் சுற்றுக்கு விடுங்கள். ஆளுக்கொரு பிரதி திருத்தினால் எது கடைசி எண் என்று தேடுவதிலேயே ஜனவரி போய்விடும்.