இரண்டாம் மாடிக்குப் பிளான் இல்லை, முறைப்படுத்த முடியுமா?

கேள்வி: பெரம்பூரில் 20 அடித் தெருவில், அரை கிரவுண்டில் (30-க்கு 40 அடி) எங்கள் வீடு இருக்கிறது. 1998-ல் தரைத்தளத்துக்கும் முதல் தளத்துக்கும் பிளான் வாங்கி அப்பா கட்டினார். தளத்துக்கு 780 சதுர அடி. 2005-ல் அதே அளவில் இரண்டாம் தளம் எழுப்பினார், அதற்குப் பிளான் இல்லை. 2014-ல் மொட்டை மாடியில் 240 சதுர அடியில் ஷீட் கூரை போட்ட அறை ஒன்று. இப்போது விற்கப் போனால், வாங்குபவரின் வங்கி கடன் தர மறுக்கிறது. அரசு மறுபடி மன்னிப்புத் திட்டம் கொண்டுவரும், பொறுங்கள் என்கிறார் ஒருவர். 4 லட்சம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒரு புரோக்கர். சொத்து வரி ஒழுங்காகக் கட்டுகிறோம். என்ன செய்வது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: காத்திருக்காதீர்கள். புரோக்கருக்குப் பணமும் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டின் பெரும்பகுதி இன்றைய விதிக்குள்ளேயே வர வாய்ப்பிருக்கிறது.

முதலில் மன்னிப்புத் திட்டத்தைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, 28.2.1999-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு விலக்கு தந்தார்கள். பிறகு அந்தத் தேதியைத் தள்ளிக்கொண்டே போன நீட்டிப்புகளை 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்து வந்த 113-சி பிரிவு 1.7.2007 வரை கட்டியவற்றுக்கானது. அதற்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2017-ல் வெளிவந்தன. 2017-ல் வந்த மனைப்பிரிவு வரன்முறைத் திட்டத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 20.10.2016-க்கு முன் பிரித்த அங்கீகாரமற்ற மனைகளுக்கானது, கட்டடத்துக்குப் பொருந்தாது.

ஆக, தேதி வாரியாகப் பார்த்தால் உங்கள் வீட்டில் மூன்று பகுதிகள். 1998-ல் கட்டியதற்குப் பிளான் இருக்கிறது. 2005 தளம் 113-சி தேதிக்குள் வருகிறது. 2014 அறை எந்த விலக்கிலும் வராது.

இப்போது உங்களுக்குச் சாதகமான விஷயத்துக்கு வருகிறேன். மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எப்.எஸ்.ஐ., அன்று 1.5. 1,200 சதுர அடி மனையில் 1,800 சதுர அடிதான் கட்டலாம். மூன்று தளமும் சேர்த்து 2,340 என்பதால் 2005-ல் அது மீறல். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் குறியீடு 2. இன்று 2,400 வரை இடமுண்டு, மூன்று தளங்களும் அடங்கிவிடுகின்றன. மாடி அறையைச் சேர்த்தால் 2,580 ஆகி, 180 மிஞ்சுகிறது. பணம் கட்டி பிரீமியம் எப்.எஸ்.ஐ. வாங்கலாமே என்றால், அதற்குத் தெரு குறைந்தது 9 மீட்டர் அகலம் வேண்டும். 20 அடித் தெரு 6 மீட்டர்தான். எனவே அந்த அறையைப் பிரித்துவிடுங்கள். ஷீட் கூரை என்பதால் பெரிய வேலை இல்லை. படிக்கட்டின் ஹெட்ரூமும் தண்ணீர்த் தொட்டியும் பரப்புக் கணக்கில் சேராது, அவற்றை இடிக்க வேண்டாம். அறையை வைத்துக்கொண்டே விண்ணப்பித்தால் தல ஆய்வுக்கு வருபவர் அதையும் குறித்துக்கொள்வார், மொத்தக் கோப்பும் அங்கேயே நின்றுவிடும்.

பரப்பு சரியாக வந்தாலும், வீட்டைச் சுற்றி விடவேண்டிய இடைவெளிதான் பலருக்கும் கண்டம். உயரம் கூடினால் பக்க இடைவெளியும் கூட வேண்டும். இரண்டு தளத்துக்குப் போதுமாக இருந்த சந்து, மூன்றாவது ஏறியதும் போதாமல் போகலாம். ஆகவே பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரைக் கொண்டு, வீடு இன்று நிற்கிறபடியே அளந்து வரைபடம் போடச் சொல்லுங்கள். பழைய பிளானைப் பார்த்து வரைந்து தருவதை ஏற்காதீர்கள். பால்கனி நீட்டல், வெளிப்படிக்கட்டு, சந்தில் இருக்கும் கழிப்பறை, காம்பவுண்டு சுவர் தெருவுக்குள் வந்திருக்கிறதா என்பது வரை எல்லாம் அதில் வர வேண்டும். மனையின் அளவையும் அப்போதே சரிபாருங்கள். கிரயப் பத்திரம், பட்டா, நேரில் அளந்தது ஆகிய மூன்றில் எது குறைவோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். உங்களுக்கு மிச்சம் 60 சதுர அடிதான். பட்டாவில் மனை 1,170-க்குக் கீழே போனால் 2,340-க்கு இடம் போதாது.

அளவெல்லாம் பொருந்தினால், மாநகராட்சியின் மண்டல அலுவலகம் வழியாக, ஒற்றைச் சாளர இணையதளத்தில் மூன்று தளங்களுக்கும் சேர்த்துத் திட்ட அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். கட்டடம் ஏற்கெனவே இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். 2024-ல் வந்த சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது சிறிய மனையில் புதிதாக வீடு கட்டுபவர்களுக்கானது.

இடைவெளி பொருந்தாவிட்டால்தான் 113-சி. அதில் விண்ணப்பம் பெறுவது அரசாணையைப் பொறுத்தது என்பதால், எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் உள்ள சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் (சிஎம்டிஏ) இன்றைய நிலையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1.7.2007-க்கு முன் கட்டியதற்கான ஆதாரம் உங்கள் பொறுப்பு. இரண்டாம் தளத்தைச் சேர்த்துச் சொத்து வரியை மாற்றிய ஆணை, அந்தத் தளத்து மின் இணைப்பின் தேதி ஆகியவை வலுவானவை. செயற்கைக்கோள் படம் துணைக்கு மட்டுமே உதவும். மேலிருந்து பார்த்தால் கூரை தெரியும், எத்தனை தளம் என்று தெரியாது.

சொத்து வரி ரசீது கட்டடம் இருப்பதைக் காட்டும், அனுமதி இருப்பதைக் காட்டாது. வங்கி மறுத்ததும் இதனால்தான். 17.12.2024 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், அனுமதித்த பிளான்படி கட்டியதற்கான நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் மீது கடன் தர வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. முறைப்படுத்துவதும் மிக அரிதான சூழலில், ஒருமுறை மட்டுமே என்கிறது அதே தீர்ப்பு. புதுத் திட்டத்தை நம்பி ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

ஒன்றை விட்டுவிடக் கூடாது. அஸ்திவாரம் இரண்டு தளத்துக்குப் போட்டது, அதன் மேல் மூன்று நிற்கிறது. ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரை அழைத்து ஒரு தூணடியைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தூண்களில் கான்கிரீட்டின் வலுவைச் சுத்தியல் சோதனையில் பார்த்து உறுதிச் சான்று வாங்குங்கள். பலவீனம் தெரிந்தால் காகித வேலையை நிறுத்திவிட்டு முதலில் தூண்களை வலுப்படுத்துங்கள். அந்த மாடியில் ஆட்கள் தூங்குகிறார்கள்.

கட்டணம் எதுவானாலும் அலுவலகம் அனுப்பும் கேட்புக் கடிதத்தில் எழுதியிருக்கும் தொகையை இணையத்திலோ சலான் மூலமோ மட்டும் செலுத்துங்கள். இதற்கிடையில் அனுமதியற்ற கட்டடம் என்று நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56 அல்லது 57-ம் பிரிவில் நோட்டீஸ் வந்தால், அதில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, விண்ணப்ப எண்ணையும் வரைபட நகலையும் இணையுங்கள். 80-ஏ பிரிவின் கீழ் அரசிடம் முறையிடவும் வழி உண்டு. 15 நாள் நோட்டீஸ் இல்லாமல் இடிக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்தப் பாதுகாப்பு தெருவிலோ நடைபாதையிலோ நீட்டிக் கட்டிய பகுதிக்குக் கிடையாது. காம்பவுண்டு சுவரை அளக்கச் சொன்னது அதற்காகவும்தான்.