தேதி தப்பிய பிறகுதான் சோதிக்க வேண்டுமா?

கடைசிக்காலம் பற்றிய கடிதங்களே இந்த முறை குவிந்துவிட்டதால், ஞானஸ்நானம், கலப்புத் திருமணம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2025 செப்டம்பர் 23, 24 தேதிகளில் சபை, அதாவது விசுவாசிகள் எல்லாரும், வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று தென்னாப்பிரிக்கச் சகோதரர் ஒருவர் சொன்ன வீடியோ எங்கள் ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. உபவாசம் இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்ற வசனத்தைக் காட்டி வாயை அடைக்கிறார்கள். அற்பமாய் எண்ணாமலும் ஏமாறாமலும் இருப்பது எப்படி ஐயா?
(ஒரு வாசகி, நாசரேத்)

அந்த வசனத்தைக் காட்டியவர்கள் அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசித்திருக்கலாம், அம்மா. "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று அதே மூச்சில் பவுல் சொல்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:21). சோதிப்பது அவிசுவாசம் என்றால் பெரோயா பட்டணத்தார் எல்லாரும் அவிசுவாசிகள்தான். பவுல் பிரசங்கித்ததையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஜனங்கள் அவர்கள், அதற்காக லூக்கா அவர்களைப் பாராட்டி எழுதியிருக்கிறார்.

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. யாராவது தேதி சொன்னால், "சரி, அந்த நாள் வரட்டும், பார்ப்போம்" என்று காத்திருக்கிறோம். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த நாள் தப்பிப் போவதற்குள் ஒருத்தர் வேலையை விட்டிருப்பார், இன்னொருவர் வீட்டில் கணவன் மனைவி பேசாமல் இருப்பார்கள். தேதி தப்பியதா என்பது கடைசிச் சோதனை. தேதி வரும் முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது: இந்தச் செய்தி வேதாகமத்தை எங்கே வைக்கிறது, கிறிஸ்து சிலுவையில் செய்து முடித்ததை என்ன செய்கிறது?

'வேதம் மட்டுமே' என்று சீர்திருத்தச் சபைகள் சொல்வதற்கு, தேவன் யாருக்கும் சொப்பனம் கொடுக்கமாட்டார் என்று அர்த்தம் இல்லை. வேதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லி ஒருவருடைய மனச்சாட்சியைக் கட்டிப்போட எவருக்கும் அதிகாரம் இல்லை என்பதுதான் அதன் சாரம். ஒருவர் சொப்பனம் கண்டார், இருக்கட்டும். "இதை நம்பாதவர்கள் கைவிடப்படுவார்கள்" என்று சொல்லும் இடத்தில்தான் தன் சொப்பனத்தை வேதத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார். 1521 டிசம்பரில் ஸ்விக்காவ் ஊரிலிருந்து மூன்று பேர் விட்டன்பர்க்குக்கு வந்து, தேவன் எங்களோடு நேரடியாகப் பேசுகிறார் என்றார்கள். சீர்திருத்தத் தலைவர் லுத்தரின் தோழரான மெலாங்தன் மாதிரியான மகாபடிப்பாளியே ஆடிப்போனார். வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்த லுத்தர் அவருக்கு எழுதிய பதிலின் சாரம் இதுதான்: தங்களைப் பற்றித் தாங்களே சாட்சி சொல்கிறவர்களை அப்படியே நம்பக் கூடாது, ஆவிகளைச் சோதிக்க வேண்டும். பிறகு 1536 டிசம்பரில் எழுதிய ஷ்மால்கால்டன் கட்டுரைகள் என்ற விசுவாச அறிக்கையில், வெளிப்படையான வசனத்தின் வழியாக அல்லாமல் தேவன் தம்முடைய ஆவியைக் கொடுப்பதில்லை என்று இன்னும் கறாராகவே எழுதிவிட்டார்.

"ஆனால் சிலர் வேதத்திலிருந்துதானே கணக்குப் போடுகிறார்கள்?" என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். ஹெரால்ட் கேம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் போதகர் 2011 மே 21 என்று தேதி சொன்னதும் அப்படித்தான். கிறிஸ்து சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 33 ஏப்ரல் 1 என்று வைத்துக்கொண்டார். அங்கிருந்து 2011 மே 21 வரை 7,22,500 நாள். ஐந்து என்றால் பாவநிவாரணம், பத்து என்றால் முழுமை, பதினேழு என்றால் பரலோகம். மூன்றையும் பெருக்கி, வந்ததை அதே எண்ணால் மறுபடி பெருக்கினால் சரியாக 7,22,500! கணக்கில் பிழையே இல்லை, நீங்களே போட்டுப் பாருங்கள். பதினேழு என்றால் பரலோகம் என்று எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதைக் கேம்பிங்தான் சொன்னார். வேதம் மட்டுமே என்று தொடங்கி, வேதமும் கேம்பிங்கின் அகராதியும் என்று முடிந்துவிட்டது. "பிதாவானவர் தம்முடைய ஆதீனத்திலே வைத்திருக்கிற காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல" என்று அப்போஸ்தலர் 1:7-இல் ஆண்டவர் சொன்னது யாருக்கும் புரியும். தெளிவாக எழுதப்பட்டிருப்பதை, மறைந்திருப்பதாகச் சொல்லப்படும் ஒரு எண்ணைக் காட்டித் தள்ளிவிடுவது வேதத்துக்குக் கீழ்ப்படிவது ஆகாது.

இன்னொன்றைப் பலர் மறந்துவிட்டார்கள். தேதி வருவதற்குப் பல வருடம் முன்பே, சபைகளின் காலம் முடிந்துவிட்டது, எல்லாரும் சபையை விட்டு வெளியேறுங்கள் என்று அவர் போதிக்க ஆரம்பித்திருந்தார். மே 21-க்குப் பிறகு யாருக்கும் இரட்சிப்பு இல்லை என்றும் சொன்னார். அந்த நாள் தப்பியதும், நியாயத்தீர்ப்பு ஆவிக்குரிய விதத்தில் நடந்துவிட்டது, அக்டோபர் 21-இல் முடிவு என்றார். அதுவும் போனது. தேதி சொன்னது பாவம் என்று 2012 மார்ச்சில் ஒப்புக்கொண்டு நேயர்களுக்குக் கடிதம் எழுதினார், அந்த மட்டில் நல்ல மனிதர், 2013-இல் இறந்தார். ஆனால் அவரை நிராகரிக்க 2011 மே 22 காலை வரை யாரும் காத்திருந்திருக்கவே வேண்டாம். கிறிஸ்துவின் சபையைக் கலைத்து, கிருபையின் கதவுக்குத் தானே பூட்டுப் போடும் செய்தி வேறொரு சுவிசேஷம். கலாத்தியர் 1:8-இன்படி அதை வானத்திலிருந்து வருகிற தூதன் சொன்னாலும் கேட்கக் கூடாது.

உங்கள் குழுவுக்கு ஒரு வசனம்: உபாகமம் 18:22. சொன்னது நடக்காமல் போனால் "அந்தத் தீர்க்கதரிசி அதைத் துணிகரத்தினால் சொன்னான், அவனுக்கு நீ பயப்படவேண்டாம்." கடைசி மூன்று சொல்லையும் நிறுத்தி வாசித்துக் காட்டுங்கள். பழைய காலண்டர்படி பார்த்தால் அக்டோபர் 7, 8 என்று அந்த வீடியோக்காரர் தள்ளிப்போட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு ஊழியர் இரண்டு வருடத்துக்கு முன் சொன்னது அப்படியே நடந்தது. அதனால்தான் இப்போது அவர் சொல்லும் கடைசிக்காலச் செய்தியையும் நம்புகிறோம். இதில் என்ன தவறு?
(வாசகர், தூத்துக்குடி)

என்ன சொன்னார், என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. "ஒரு தேசத்தில் பூமி அதிரும், ஒரு பெரிய தலைவர் விழுவார்" என்கிற மாதிரியா? உலகத்தில் 7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ள நிலநடுக்கம் ஆண்டுக்குச் சராசரியாக 15 வாக்கில் வருகிறது. தேசத்தின் பெயரும் நாளும் சொல்லாமல் 'பூமி அதிரும்' என்றால் அது தப்ப வாய்ப்பே இல்லை.

சரி, துல்லியமாகவே சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது உபாகமம் 13-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு தீர்க்கதரிசி சொன்ன அடையாளம் நடந்தேறினாலும், அவன் உங்களை வேறு தேவர்களைச் சேவிக்க அழைத்தால் கேட்காதீர்கள், கர்த்தர் உங்களைச் சோதிக்கிறார் என்று மோசே சொல்கிறார். நிறைவேறாதது பொய், அது உறுதி. நிறைவேறியதெல்லாம் மெய் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. ஆகவே அவருடைய பழைய கணக்கை விட்டுவிட்டு, இப்போதைய செய்தியைக் கேளுங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் நீங்கள் நிற்பது கிறிஸ்துவின் நீதியாலா, அல்லது அந்த ஊழியர் நடத்தும் 21 நாள் உபவாசத்தில் பெயர் கொடுத்ததாலா? இரண்டாவது என்றால், விசுவாசத்தினாலே மாத்திரம் நீதிமான் என்கிற அடித்தளமே போய்விட்டது, அவர் ஆயிரம் காரியங்களைச் சரியாகச் சொல்லியிருந்தாலும்.

கேள்வி: இந்தத் தேதி, வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகத்தின் எண்ணான 666, ஆதார் எண், தடுப்பூசி எல்லாம் பெந்தெகொஸ்தே வட்டாரத்தில்தான். லுத்தரன், சி.எஸ்.ஐ. போன்ற பழைய சபைகளில் கிடையாதே, பிறகு ஏன் உங்கள் பத்திரிகை இதற்கு இவ்வளவு பக்கம் ஒதுக்குகிறது?
(வாசகர், திருச்சி)

அப்படி நிம்மதியாக இருந்துவிட முடியாது ஐயா. மிகாயேல் ஸ்டீஃபல் என்பவர் லுத்தரன் போதகர், லுத்தருக்கே நண்பர். அவருக்கு எண்கள் மேல் மோகம். பத்தாம் லியோ போப்பின் பெயரான 'லியோ டெசிமுஸ்' என்பதில் ரோம எண்களாக வரும் எழுத்துகளை எடுத்துக் கூட்டினார், 1656 வந்தது. ஆயிரத்தைக் குறிக்கும் எழுத்து 'மறைபொருள்' என்பதற்கான லத்தீன் சொல்லின் முதலெழுத்து என்று சொல்லி அதைக் கழித்தார், பத்தாம் லியோ என்பதால் ஒரு பத்தைச் சேர்த்தார், 666 கிடைத்துவிட்டது! வேண்டியதைக் கழித்து வேண்டியதைக் கூட்டினால் உங்கள் பெயரும் என் பெயரும்கூட அங்கே வந்து நிற்கும். ஆதாருக்கும் தடுப்பூசிக்கும் 666 கண்டுபிடிப்பவர்கள் செய்வதும் இதே வேலைதான், அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அதோடு விடவில்லை அவர். 1533 அக்டோபர் 19 காலை எட்டு மணிக்கு உலகம் முடியும் என்று லோகாவ் ஊரில் அறிவித்தார். மணி முதற்கொண்டு சொன்னார் பாருங்கள்! லுத்தர் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டு, கையில் இருந்ததைச் செலவழித்துவிட்டு வந்து கூடினார்கள். எட்டு மணி அடித்தது, ஒன்றும் ஆகவில்லை. அவரைக் கைது செய்து, அந்த ஊழியத்திலிருந்தும் நீக்கினார்கள். லுத்தர்தான் பரிந்து பேசிப் பிறகு வேறொரு சபை கிடைக்க உதவினார். மனிதர் அதன்பின் தேதி விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு கணிதம் படித்து, 1544-இல் வெளியிட்ட நூலால் ஐரோப்பாவின் பெரிய கணித மேதைகளில் ஒருவராகப் பெயர் வாங்கினார். அதே எண் மோகம்தான், சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது.

லுத்தரும் முடிவு சீக்கிரம் வரும் என்றுதான் நம்பினார், உலகத்தின் வயதுக்கு ஒரு கால அட்டவணைகூடப் போட்டார். ஆனால் அதை நம்பினால்தான் விசுவாசி என்று சொல்லவில்லை. இங்கேதான் கோடு இருக்கிறது. புதிய ஏற்பாட்டு ஆராய்ச்சியில் இன்றும் மதிக்கப்படும் பெங்கல், 18-ஆம் நூற்றாண்டு லுத்தரன் பக்திமான், அவர் 1836 என்று கணக்குப் போட்டு வைத்துவிட்டுப் போனார்.

நம் பக்கத்திலேயே ஒன்று சொல்கிறேன். பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு, சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனின் ஆங்கிலிக்கன் போதகர். திருவிதாங்கூரில் 1870-களில் எழுந்த எழுப்புதலின் நடுவே, ஆறு வருடத்தில் கிறிஸ்து வருவார் என்ற அறிவிப்பு 1875-இல் கிளம்பியது. 1881 வந்தது, ஆண்டவர் வரவில்லை. அதை நம்பிய அவருடைய கூட்டம் யூயோமய சபை என்று தனியாகவே போய்விட்டது. யுஸ்தூஸ் யோசேப்பு எழுதிய மலையாளப் பாடல்களைக் கேரளத்துச் சபைகள் இன்றும் உருகிப் பாடுகின்றன. பக்தி இருந்தது, வரம் இருந்தது, மெய்யான எழுப்புதலும் இருந்தது. சோதிக்க ஆள் இல்லை.

தமிழ் லுத்தரன் சபையார் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளலாம். லுத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 17-ஆம் பிரிவு, கிறிஸ்து நியாயந்தீர்க்கத் திரும்ப வருவார் என்று அறிக்கையிட்டுவிட்டு, உயிர்த்தெழுதலுக்கு முன்பே பரிசுத்தவான்கள் இந்த உலகத்தின் ஆட்சியைப் பிடிப்பார்கள் என்ற போதனையைப் பெயர் சொல்லாமல் தள்ளுகிறது. நாலு வருடம் கழித்து ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரத்தில் ஒரு கூட்டத்தார் அதையே சொல்லி ஆட்சியைப் பிடித்தார்கள், 1535-இல் இரத்தத்தில் முடிந்தது.

கேள்வி: இரகசிய வருகையை நம்பாவிட்டால் நான் விசுவாசி இல்லையா?
(வாசகி, வேலூர்)

விசுவாசிதான். "உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறீர்களே, அதுதான் எல்லாருக்கும் பொதுவான அறிக்கை. கடைசிக்கால உபத்திரவத்துக்கு முன் இரகசியமாய் ஒரு வருகை, பிறகு வெளியரங்கமாய் ஒன்று என்று இரண்டாகப் பிரிக்கும் போதனையைப் பரப்பியவர் 19-ஆம் நூற்றாண்டில் பிரதரன் கூட்டத்தைச் சேர்ந்த டார்பி. பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பலர் அதை மனப்பூர்வமாய் ஏற்கிறார்கள், அவர்களும் சகோதரர்கள்தான். லுத்தரும் கால்வினும் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. அதை இரட்சிப்பின் நிபந்தனையாக்கினால் லுத்தரையும் கைவிடப்பட்டவர் பட்டியலில் சேர்க்க வேண்டிவரும்.

கேள்வி: "இன்னும் எத்தனை நாள்" என்று சொல்லி அம்மா தன் நகைகளை ஒரு ஊழியத்துக்குக் கொடுக்கப்போகிறார். தங்கை நர்சிங் கடைசி வருடம், பரீட்சை எழுதி என்ன ஆகப்போகிறது என்கிறாள். நான் என்ன செய்வது?
(வாசகர், கோவை)

தம்பி, வெளிப்படுத்தின விசேஷத்தை வைத்து அம்மாவோடு வாதாடாதீர்கள், ஜெயிக்க மாட்டீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உலகம் முடியப்போகிறது என்று அந்த ஊழியமே நம்பினால், நகையை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? அந்த ஊழியத்தின் டிரஸ்ட் சமீபத்தில் இடம் வாங்கியிருக்கிறதா, கட்டடம் கட்டுகிறதா என்றும் மெதுவாக விசாரியுங்கள். கேம்பிங்கை நம்பிய நியூயார்க் போக்குவரத்துத் துறை ஓய்வூதியர் ஒருவர் 1,40,000 டாலர் சேமிப்பை விளம்பரப் பலகைகளுக்குக் கொட்டினார், மே 21 மாலை டைம்ஸ் சதுக்கத்தில் நின்று ஒன்றும் புரியாமல் விழித்ததைப் பத்திரிகைகள் எழுதின.

காணிக்கை கொடுப்பது நல்லதுதான், பயத்தில் கொடுப்பதுதான் பிரச்சினை. 1517-இல் லுத்தர் எதிர்த்ததே நியாயத்தீர்ப்பைப் பற்றிய பயத்தைக் காசாக்கும் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தைத்தான். இயேசு விலை கொடுத்து முடித்தாயிற்று என்று அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல உங்களைவிட உங்கள் சபைப் போதகர் பொருத்தம், அவரைச் சாயங்காலம் டீக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள். வந்தவர் வாதம் பண்ண ஆரம்பித்தால் பலகாரத் தட்டை நீட்டுங்கள்.

தங்கையிடம் தெசலோனிக்கே சபையைப் பற்றிச் சொல்லுங்கள். கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று அங்கேயும் பேச்சு கிளம்பியது, சிலர் வேலையை விட்டுத் திரிந்தார்கள், "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால், அவன் சாப்பிடவுங்கூடாது" என்று பவுல் எழுதியது அவர்களுக்குத்தான். நர்சு வேலைக்கு ஆண்டவர் வரும் நாள்வரை தேவை இருக்கிறது. பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி தாண்டியிருந்தால் அபராதத்தோடு கட்ட அவகாசம் இருக்கிறதா என்று நாளைக்கே கல்லூரியில் கேட்டுவிடுங்கள். அம்மாவின் நகையை மட்டும் அவருக்குத் தெரியாமல் எடுத்து லாக்கரில் வைத்துவிடாதீர்கள், அது வேறு சண்டையில் போய் முடியும்.